டெபாசிட் இல்லாத கார்

அறிவுச்செல்விக்குக் காகிதங்கள் மேல் ஒரு மரியாதை உண்டு. மரியாதை என்றால் போதாது, பயபக்தி என்றே சொல்லவேண்டும். ஜலகண்டாபுரத்தை ஒட்டிய ரேஷன் கடை ஒன்றில் பதினோரு வருடமாக விற்பனையாளராக இருக்கிறாள். கார்டு இல்லாமல் வந்தால் சொந்த மாமியாருக்கே ஒரு கிலோ சர்க்கரை பெயராது. கைரேகை விழவில்லையென்றால் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்வாள். மூன்று முறை பார்ப்பாள். நான்காவது முறை, "நாளைக்கு வாங்க. அடுத்தது ஆருங்க?" என்று பின்னால் நிற்பவரைக் கூப்பிட்டுவிடுவாள். கறாரான பொம்பளை என்று ஊரில் சொல்வார்கள். அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

அந்த வேலை அவளுக்குக் கிடைத்ததே ஒரு காகிதத்தால்தான். எருமப்பட்டிப் பக்கம் சின்ன வெங்காயமும் சோளமும் போடுகிற குடும்பத்தில் பிறந்தவள். பன்னிரண்டாவதில் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு மதிப்பெண். கல்லூரிக்குப் போகிறேன் என்று நான்கு நாள் சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். ஐந்தாம் நாள் பசித்தது, ஆறாம் மாதம் கல்யாணம் ஆனது. ஜலகண்டாபுரத்துக்கு வந்து எத்தனையோ வருடம் கழித்துக் கூட்டுறவுச் சங்கத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தபோது, துணிகளுக்கு அடியில் கிடந்த அந்த மார்க் ஷீட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு போனாள். வேலை கிடைத்தது. அதிலிருந்து வீட்டில் உள்ள ஒரிஜினல்கள் எல்லாவற்றுக்கும் அவள்தான் காவல்.

கணவன் மதியழகன் தறி மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிறவன். பேச்சு குறைவு. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் ஒரு நாள் முழுக்கச் சமாளித்துவிடக் கூடிய ஆள். இவர்களுக்கு ஒரே மகள், தனப்பிரியா. பன்னிரண்டாவது படிக்கிறாள், நாமக்கல்லிலிருந்து எருமப்பட்டி போகும் வழியில் உள்ள ஒரு விடுதிப் பள்ளியில். அங்கே சேர்க்கவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது அறிவுச்செல்விதான். நமக்குக் கிடைக்காததைப் பிள்ளைக்குக் கொடுக்கிறோம் என்று அவளுக்கு அப்போது அவ்வளவு பூரிப்பு. பிள்ளைக்கு அது வேண்டுமா என்று கேட்டாளா? கேட்டாள். தனப்பிரியா சரி என்றாள். பதினைந்து வயதுப் பெண் அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்வாள்?

விடுதியில் செல்போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வார்டன் மேசையில் இருக்கும் போனில் ஆளுக்கு ஐந்து நிமிடம். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும். பின்னால் பெண்கள் வரிசையில் நிற்கும் சலசலப்பு இந்தப் பக்கம் வரை கேட்கும். மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தப் போனில் தனப்பிரியா சொன்னாள்:

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு பேசோணும்."

"பேசு சாமி."

"இப்ப இல்ல. நேர்ல. நாம மட்டும் இருக்கறப்ப."

அதற்குள் ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு கேட்டால், "ஒண்ணுமில்லம்மா" என்றாள். அதற்கடுத்த ஞாயிறும் அதே பதில்.  ஒன்றுமில்லை என்று சொல்கிற குரல் எது, ஏதோ இருக்கிறது என்று சொல்லாமல் சொல்கிற குரல் எது என்பது பெற்றவளுக்குத் தெரியாதா? அரிசி நிறுக்கும்போதும் தெரிந்தது, சாம்பார் தாளிக்கும்போதும் தெரிந்தது. யாருடைய கார்டில் என்ன பதிவு செய்தோம் என்பது மறந்துபோகிற அளவுக்கு மனசு அங்கேயே கிடந்தது.

வெளியே கூட்டிப்போக அனுமதிக்கும் ஞாயிறு வந்துகொண்டிருந்தது. காலை ஒன்பதுக்கு அனுப்புவார்கள், மாலை ஐந்துக்குக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். போன முறை பஸ்ஸில் போனார்கள். போய்ச் சேரவே பதினோரு மணி ஆகிவிட்டது. பிறகு கோயில் கூட்டம், ஹோட்டல் கூட்டம், டவுன் பஸ் கூட்டம். நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச இடமில்லை. லாட்ஜில் பகலுக்கு மட்டும் ஒரு அறை எடுக்கலாமா என்று அவள் கேட்டதற்கு, வயசுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு லாட்ஜ் படி ஏறுவதா என்று மதியழகன் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. வாடகைக் கார் வைத்தால் ஊர் டிரைவர்தான் வருவான். அவன் காதில் ஒன்று விழுந்தால் மாலைக்குள் ஜலகண்டாபுரம் முழுக்க விழுந்துவிடும்.

"நாமளே ஓட்டற மாதிரி காரு எடுத்தா என்னுங்க?" என்றாள் அறிவுச்செல்வி. "கொல்லிமலைக்குப் போலாம். வழியெல்லாம் நாம மூணு பேரு மட்டுந்தான். அவ பேசுவா."

மதியழகனுக்கு லைசென்ஸ் உண்டு. நண்பனின் ஆம்னியை அவ்வப்போது ஓட்டிப் பழகியவன். அவன் செல்போனில் தேடிப் பார்த்தான். சேலத்தில் கார் கொடுக்கிற கடைகள் நிறைய இருந்தன. வாடகையை விட டெபாசிட்தான் மலைப்பாக இருந்தது. பதினைந்தாயிரம் என்றான் ஒருவன், இருபது என்றான் இன்னொருவன். ஸ்கூல் பீஸ் கட்டிய கையோடு அதற்கெல்லாம் வழியில்லை. தறிப் பட்டறையில் யாரோ தமிழரசு என்ற பெயரைச் சொன்னார்கள். சேலம் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னக் கடை, நான்கு கார், டெபாசிட்டே கிடையாது.

ஞாயிறு விடிகாலையில் இருவரும் பைக்கில் கிளம்பி ஆறு மணிக்கெல்லாம் அங்கே போய் நின்றார்கள். தமிழரசு முப்பது வயதுக்காரன், குளித்து விபூதி பூசிப் பட்டு வேட்டியில் இருந்தான். இடப்பாடியில் ஒரு கல்யாணமாம்.

"டெபாசிட் வேண்டாமுங்க. பைக்கும் ஆர்சி புக்கும் இருக்கட்டும். வண்டில ஜிபிஎஸ் இருக்குது, எங்க நிக்குதுன்னு என் போன்லயே பாத்துக்குவேன். அப்பறம் ஒரு ஒரிஜினல் குடுத்துட்டுப் போங்க."

அறிவுச்செல்வி ஆதாரை எடுத்து நீட்டினாள். தமிழரசு சிரித்துவிட்டான்.

"இத வெச்சு நான் என்னுங்கக்கா பண்றது? தொலைஞ்சா அடுத்த கடையில பிளாஸ்டிக்ல அடிச்சுக் குடுத்துருவான். போனாத் திரும்பக் கிடைக்காத மாதிரி ஏதாச்சும் குடுங்க. பாஸ்போர்ட்டு, பத்திரம், மார்க் ஷீட்டு. அப்பத்தான வண்டிய ஒழுங்கா கொண்டாந்து விடுவீங்க?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயமாக ஒருவன் பேசிவிட்டால் அறிவுச்செல்விக்கு மறுத்துப் பேச வராது. தேவைப்படலாம் என்று வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்த நீல ஜிப் பையைத் திறந்தாள். தன் பன்னிரண்டாவது மார்க் ஷீட்டை அதன் பிளாஸ்டிக் உறையோடு எடுத்தாள். ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். தமிழரசு அதை உறையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, பீரோவில் வைத்துப் பூட்டி, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டான்.

"நல்ல மார்க்குதான் எடுத்திருக்கீங்க" என்றான். அவள் அந்த நேரத்திலும் கொஞ்சம் மகிழ்ந்து போனாள்.

வெள்ளை நிறக் கார். ராசிபுரம் தாண்டும்வரை மதியழகன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் ஓட்டினான். அறிவுச்செல்வி பின் சீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நானும் அவளும் பின்னால் உட்கார்ந்துகொள்ளலாம், கையைப் பிடித்துக்கொண்டால் தானாகச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தாள். புளிசாதமும் உருளைக்கிழங்கும் கட்டிய பையை மடியிலேயே வைத்திருந்தாள். எட்டு மணிக்கே பள்ளி வாசலுக்குப் போய்விட்டார்கள். கண்ணாடி மூடிய காருக்குள் அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அன்று முழுவதுக்குமாகக் கிடைத்த நிம்மதி அவ்வளவுதான்.

ஒன்பது மணிக்கு வாசலில் வரிசை கட்டிவிட்டது. காவலாளி சடையன், காக்கிச் சட்டை போட்ட பெரியவர், ஒவ்வொருவரிடமும் பெற்றோர் அட்டையை வாங்கிப் பார்த்து உள்ளே விட்டார். சிவப்புக் கரை போட்ட அட்டை. அப்பா, அம்மா, பிள்ளை மூன்று பேர் போட்டோவும் அதில் இருக்கும். பள்ளி வருடம் தொடங்கும்போது கொடுப்பார்கள். அறிவுச்செல்வி ஜிப் பையைத் திறந்தாள். குடும்ப அட்டை இருந்தது, மூன்று ஆதாரும் இருந்தன, பிறப்புச் சான்றிதழ் இருந்தது. பெற்றோர் அட்டையைக் காணோம். பையைத் தலைகீழாக உதறினாள். அப்புறம்தான் நினைவு வந்தது. 

தொலைந்துவிடக் கூடாதே என்று ஜூன் மாதத்தில் அவள்தான் அந்த அட்டையை மார்க் ஷீட் உறைக்குள், மார்க் ஷீட்டுக்குப் பின்னால் செருகி வைத்தாள். வீட்டில் உள்ள காகிதங்களிலேயே ஒருநாளும் கைமாறாதது அதுதான் என்று யோசித்து, புத்திசாலித்தனமாகச் செருகி வைத்தாள். இப்போது அது சேலத்தில் தமிழரசின் பீரோவுக்குள் இருந்தது.

"ஏனுங்க... அட்ட அங்க போயிருச்சுங்க" என்றாள். மதியழகனுக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. புரிந்ததும் தமிழரசுக்கு போன் போட்டான். பின்னால் நாதஸ்வரச் சத்தம்.

"கடையப் பூட்டிட்டு இடப்பாடி வந்துட்டனுங்களே. பீரோ சாவி எங்கிட்டத்தான் இருக்குது. சாயந்தரம் ஆறு மணிக்கு வந்தர்றனுங்க" என்றான் தமிழரசு. அவன் எடுத்த போட்டோவில் மார்க் ஷீட்டின் முன்பக்கம் மட்டும்தான் இருந்தது. பாவம், அவனைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

சடையன் அவர்களை ஆபீசுக்கு அனுப்பினார். அங்கே மேனேஜர் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். எல்லாம் கேட்டார், பொறுமையாகவே கேட்டார்.

"அட்ட இல்லாம அனுப்பறதில்லீங்கம்மா."

"ஆதார் இருக்குதுங்க சார். குடும்ப அட்டைல எங்க மூணு பேரு பேரும் இருக்குது."

"பேரு இருக்குதுங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னால ஆதாரக் காட்டித்தான் ஒருத்தரு, சித்தப்பான்னு சொல்லி, ஒரு புள்ளயக் கூட்டிட்டுப் போயிட்டாரு. அப்பறம் போலீசு, கேசுன்னு நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அதுக்குத்தான் இந்த அட்டையே போட்டது. உங்க போட்டோ அதுல மட்டுந்தான் இருக்குது."

"புள்ளயக் கூப்புட்டுக் கேளுங்க சார். நாங்க ஆருன்னு அவளே சொல்லுவா."

"இன்னிக்கு எந்தப் புள்ளயக் கேட்டாலும், வெளிய கூட்டிட்டுப் போற யாரா இருந்தாலும் மாமான்னுதாங்கம்மா சொல்லும்."

 இந்தக் குரல் அறிவுச்செல்விக்கு நன்றாகத் தெரிந்த குரல். கோபமில்லாமல், கனிவாக, ஓர் அங்குலமும் அசையாமல் பேசுகிற குரல். பதினோரு வருடமாக ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவளும் இப்படித்தான் பேசியிருக்கிறாள். இந்தப் பக்கம் நின்று கேட்கும்போது தலை சுற்றும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

மேனேஜர் ஒரு சலுகை செய்தார். பார்வையாளர் அறையில் பத்து நிமிடம் பார்த்துக்கொள்ளலாம். வார்டன் அம்மாவும் கூட இருப்பார்.

தனப்பிரியா கலர் சுடிதார் போட்டு, தோளில் பையோடு ஓடி வந்தாள். வெளியே போகப்போகிறோம் என்ற நினைப்பு. பெற்றவர்கள் முகத்தைப் பார்த்ததும் நடை நின்றுவிட்டது. அறிவுச்செல்வி அட்டை விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு நிமிடம் போய்விட்டது. மகள் இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. நகங்களைச் சதை தெரியக் கடித்து வைத்திருந்தாள்.

"என்னமோ பேசோணும்னியே சாமி?"

தனப்பிரியா வார்டனைப் பார்த்தாள். வார்டன் அம்மா நோட்டைப் புரட்டிக்கொண்டு, காது கேளாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அப்படி உட்கார்ந்திருப்பவருக்குத்தான் எல்லாம் கேட்கும்.

"ஒண்ணுமில்லம்மா."

"இப்பிடிச் சொன்னா எப்பிடி சாமி?"

"அடுத்த தடவ சொல்றேன். அடுத்தது அரையாண்டு முடிஞ்சுதாம்மா விடுவாங்க." ஜன்னல் வழியே வெளியே நின்ற காரைப் பார்த்தாள். "ஏழு வாரம்."

ஏழு வாரம் என்று அவள் சொன்ன விதம் அறிவுச்செல்விக்குப் பிடிக்கவில்லை. அதுவரைக்கும் என்னால் ஆகாது என்று சொல்லத் தெரியாமல் நாள் கணக்கை மட்டும் சொன்ன மாதிரி இருந்தது. பத்து நிமிடம் முடிந்தது. வார்டன் அம்மா எழுந்தார், மகளும் எழுந்தாள். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெண் எப்போதும் வாசல் வரை போய்த் திரும்பிப் பார்க்கிறவள்.

வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்தார்கள். மதியழகன் சாவியைப் போட்டான், வண்டியை எடுக்கவில்லை.

"ஊட்டுக்குப் போயிட்டு அட்டையோட நாளைக்கு வரலாமா?" என்றான்.

"நாளைக்கு விடமாட்டாங்க. இன்னிக்கு உட்டா அரையாண்டு முடிஞ்சுதான்."

 பக்கத்துக் கோழிப் பண்ணையின் வாடை கண்ணாடி இடுக்கு வழியாக வந்தது. தமிழரசு சொன்னது அவள் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. போனால் திரும்பக் கிடைக்காத மாதிரி ஏதாச்சும் குடுங்க, அப்பத்தான ஒழுங்கா கொண்டாந்து விடுவீங்க? அவள் சட்டென்று கையை நீட்டி வண்டிச் சாவியை உருவினாள்.

"என்ன புள்ள பண்றே?"

"வாங்க சொல்றேன்."

மேனேஜர் முன்னால் இன்னும் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். அறிவுச்செல்வி வரிசையை இடித்துக்கொண்டு போய்ச் சாவியை மேசைமேல் வைத்தாள். வரிசையை மீறுகிறவர்களை வாழ்நாள் முழுக்கத் திட்டியவள் அவள்.

"சார், காரு வெளிய நிக்குது. உள்ள கொண்டாந்து நிறுத்திடறோம். சாவிய நீங்க வெச்சுக்குங்க. அஞ்சு மணிக்குப் புள்ளயக் கொண்டாந்து விட்டுட்டு வண்டிய எடுத்துக்கறோம். அஞ்சு லட்ச ரூவா வண்டிய உட்டுப்போட்டு ஆராச்சும் ஓடிப்போவாங்களா?"

"அம்மா, இது என்ன அடகுக் கடைங்களா?"

"அப்பிடியே வெச்சுக்குங்க சார். நான் இங்கிருந்து நகர மாட்டேன். அவள ஒரு நாளு எங்கூட உடுங்க."

 வரிசையில் நின்ற ஒருவர், "ஏனுங்க சார், பெத்தவங்கன்னு பாத்தாலே தெரியுதே" என்றார். மேனேஜர் சாவியைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்துப்போட்டு எழுதச் சொன்னார். மாலை ஐந்து மணிக்கு மாணவியைத் திரும்ப ஒப்படைத்து வாகனத்தைப் பெற்றுக்கொள்கிறோம் என்று அறிவுச்செல்வி எழுதினாள், இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மதியழகன் காரை உள்ளே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, சாப்பாட்டுப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தான்.

அடுத்தவன் காரை அவனைக் கேட்காமல் ஓரிடத்தில் ஈடு வைத்திருக்கிறோம் என்பது அறிவுச்செல்விக்குத் தெரியாமல் இல்லை. வேறு நாளாக இருந்தால் அந்த எண்ணமே அவளைக் காய்ச்சலில் தள்ளியிருக்கும்.

கொல்லிமலையாவது ஒன்றாவது. மூன்று பேரும் ரோட்டோரமாக நடந்தார்கள். கால் மைல் தள்ளி, வெங்காயம் பிடுங்கிய ஒரு காட்டு ஓரத்தில் வேப்பமரம் நின்றது. அதன் அடியில் உட்கார்ந்தார்கள். ஆளரவம் இல்லை. புளிசாதத்தைப் பிரித்தாள் அறிவுச்செல்வி. தனப்பிரியா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, மூன்றாவதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"மார்க்கு கொறைஞ்சு போச்சா சாமி?" என்று மதியழகன்தான் ஆரம்பித்தான். "போனாப் போகட்டும். அதுக்கா இப்பிடி இருக்கறே?"

"கொறைஞ்சுதாம்ப்பா போச்சு. கீழ செக்ஷன்ல போட்டுட்டாங்க. அது இல்ல." அவள் சோற்றை மறுபடி பொட்டலத்திலேயே வைத்தாள். "அம்மா, சொன்னா என்னையத் திட்டமாட்டதான?"

"மாட்டேன்."

"ஆஸ்டல்ல மொட்ட மாடிலதாம்மா துணி காயப்போடுவோம். போன மாசம் ஒரு நாளு பக்கெட்டக் கீழ வெச்சுட்டு, ஓரத்துச் செவுத்துக்கிட்டப் போயி நின்னேன். கீழ பாத்துட்டே நின்னேன். எவ்வளவு நேரம்னு தெரியல. என் ரூம்ல இருக்கற பிரவீனா வந்து கையப் புடிச்சு இழுத்தா. அதுக்கப்பறம் நான் மாடிக்கே போறதில்லம்மா. துணியெல்லாம் ரூம்லயே காயப்போட்டுக்கறேன். பிரவீனாவையும் எங்கூடவே இருக்கச் சொல்லியிருக்கேன். ஆனா அவளும் தூங்கோணுமில்ல?" பொட்டலத்தை மடித்தாள். "எனக்கு என்னைய நெனச்சாலே பயமா இருக்குதும்மா."

 அறிவுச்செல்வி மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அழக்கூடாது, இப்போது நாம் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒற்றைக் காலில் நின்று இந்தப் பிள்ளையை இங்கே கொண்டுவந்து தள்ளியது நான்தானே என்ற எண்ணம் வந்தது. அதைப் பிறகு நினைத்து அழுதுகொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தாள். தனப்பிரியா சத்தமில்லாமல் அழுது, அப்படியே தூங்கிப்போனாள். காலையில் பத்தரை மணிக்கு, மண் தரையில், ஒரு வளர்ந்த பெண் அப்படித் தூங்கினாள் என்றால் எத்தனை நாள் தூங்காமல் இருந்திருக்க வேண்டும்?

ஒரு மணி நேரம் போனது. மதியழகன் பள்ளி இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அஞ்சு மணிக்கு..." என்று ஆரம்பித்தான்.

"அவ போகமாட்டா."

"தெரியுது. காரு உள்ள நிக்குதே செல்வி. எழுதிக் குடுத்துருக்கறோமே."

புள்ளையைக் கொடுத்தால்தான் கார் வரும். காரைக் கொடுத்தால்தான் மார்க் ஷீட்டும் பைக்கும் வரும். எல்லாவற்றுக்கும் அவள் கையெழுத்து இருக்கிறது. இப்படி முறைப்படி எழுதி வைத்த ஒரு விஷயத்தை அவள் இதுவரை மீறியது கிடையாது. போனை எடுத்துத் தமிழரசைக் கூப்பிட்டாள். காரை எங்கே விட்டிருக்கிறோம், ஏன் விட்டோம் என்று மறைக்காமல் சொன்னாள். மகள் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

"என்னுங்கக்கா இது? என் வண்டிய நீங்க எப்பிடிங்க இன்னொருத்தர்கிட்ட ஈடு வெப்பீங்க?" தமிழரசுக்குக் கோபம் வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்? "வண்டி வந்து சேர்ற வரைக்கும் உங்க சர்டிபிகேட்டு எங்கிட்டத்தான் இருக்கும், சொல்லிட்டேன்."

"இருக்கட்டுங்க தம்பி. நீங்களே வெச்சுக்குங்க."

அவள் பேசிய தோரணையில் அவனுக்கு என்ன தோன்றியதோ, கோபத்தை விட்டுவிட்டான். "ஏதாச்சும் பிரச்சனைங்களாக்கா?" என்றான். பிறகு பேசுகிறேன் என்று அவள் வைத்துவிட்டாள்.

மதியழகன் எழுந்து வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான். "நீங்க ரெண்டு பேரும் மொதல்ல பஸ் ஏறுங்க. பஸ்ஸு போன பொறவு நான் ஆபீசுக்குப் போயிச் சொல்றேன். காரக் குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி, சொல்ல வேண்டியதச் சொல்லிப்போட்டுத்தான் வாரேன்." இவ்வளவு நீளமாக அவன் பேசி அவள் கேட்டதில்லை.

பகல் ஒரு மணிக்கு நாமக்கல் பஸ் வந்தது. கூட்டம்தான். அறிவுச்செல்வி முண்டியடித்து ஏறி, ஜன்னலோர இடம் ஒன்று பிடித்து மகளை உட்கார வைத்து, பக்கத்தில் தானும் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். நாளைக்குச் சேலத்தில் ஒரு நல்ல டாக்டரைப் பார்ப்போம் என்று காதோடு சொன்னாள். தனப்பிரியா தலையாட்டினாள். பஸ் பள்ளி வாசலைத் தாண்டும்போது கேட்டுக்குள் வெள்ளைக் கார் வெயிலில் நிற்பது தெரிந்தது. தனப்பிரியா பதறி அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, காரு? அஞ்சு மணிக்கு நான் போகலீன்னா தரமாட்டாங்களேம்மா?"

"அது அங்கியே கெடக்கட்டும் சாமி. அதுக்கு ஒண்ணும் ஆவாது."